புவிமுகப்பு அதிர்ச்சி அலை

சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்னேற்றத் துகள்களின் ஓட்டம் சூரியக் காற்று. அது புவியின் காந்தப்புலத்தை எதிர்கொள்வதால் உண்டாகும் மெல்லிய எல்லையே புவிமுகப்பு அதிர்ச்சி அலை. புவியிலிருந்து சூரியத் திசையில் சுமார் 90,000 கி.மீ. தொலைவில் இது நிற்கிறது. சூரியக் காற்று வலுத்தால் நெருங்கி வரும். வினாடிக்கு ஏறத்தாழ 400 கி.மீ. வேகத்தில் வரும் துகள்கள் இங்கே சட்டென வேகம் குறைந்து, சூடேறி, புவியின் காந்தப்புலம் ஆளும் பகுதியான காந்தக்கோளத்தைச் சுற்றி ஒதுங்கிச் செல்கின்றன. விரையும் படகின் அணியத்துக்கு முன்னால் நீர் எழும்பிப் பிரிவதை இதற்கு ஒப்பிடலாம்.

ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. இந்த அலையின் அறிவியல் சுவையே அதில்தான் இருக்கிறது. நீரிலும் காற்றிலும் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதி அலையை உருவாக்குகின்றன. சூரியக் காற்றிலோ ஒரு கன சென்டிமீட்டருக்கு ஐந்தாறு துகள்களே உள்ளன. அவை மோதிக்கொள்வது மிக அரிது. மோதல் செய்யவேண்டிய வேலையை மின்புலமும் காந்தப்புலமும் செய்கின்றன.

இப்படியோர் அலை இருக்கவேண்டும் என்று இயன் ஆக்ஸ்ஃபோர்டும் பால் கெல்லாக்கும் 1962இல் தனித்தனியே கணித்தனர். 1963 நவம்பரில் ஏவப்பட்ட ஐ.எம்.பி.-1 கலத்தின் காந்தமானி அதை உறுதிசெய்தது. ஆயினும் அலை ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை. கலம் அலையைக் கடந்ததா, அலை கலத்தைக் கடந்ததா என்பதை ஒற்றைக் கலத்தால் பிரித்தறிய முடியாது. 2000இல் ஏவப்பட்ட நான்கு கிளஸ்டர் கலங்கள் இந்தச் சிக்கலைத் தீர்த்தன. 2005 ஜனவரி 9 அன்று அவை கடந்த அலையில், எலக்ட்ரான்கள் சூடேறும் அடுக்கு 17 கி.மீ. தடிமனே இருந்தது. அதுவரை 100 கி.மீ.க்கு மிகாது என்று மட்டுமே மதிப்பிட முடிந்திருந்தது.

அலையை எட்டும் முன்பே சூரியக் காற்றை அளக்கும் இந்தியக் கலமான ஆதித்யா-எல்1, 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. ஏவப்பட்டபோது அதன் திட்ட இயக்குநர் செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி. கலத்தின் ஸ்டெப்ஸ் கருவி செப்டம்பர் 10 அன்று, புவியிலிருந்து 50,000 கி.மீ.க்கு அப்பால் துகள்களை அளக்கத் தொடங்கியது. 2024 ஜனவரி 6 முதல், புவியிலிருந்து சூரியத் திசையில் 15 லட்சம் கி.மீ. தொலைவிலுள்ள எல்1 புள்ளியைச் சுற்றிவரும் இக்கலம், சூரியக் காற்று புவிமுகப்பை எட்டுவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பே அதை அளந்துவிடுகிறது.

சூரிய வெடிப்பிலிருந்து கிளம்பிவரும் வேறோர் அதிர்ச்சி அலை காந்தக்கோளத்தில் மோதினால், புவிமுகப்பு அலை உள்வாங்கும். சில நிமிடங்களில் தரையிலும் காந்தப்புலத்தின் கிடைக்கூறு துள்ளி உயரும். இத்தகைய மாற்றங்களைப் பதிவுசெய்யும் ஆய்வகங்களை இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் புதுச்சேரியிலும் திருநெல்வேலியிலும் அமைத்தது. விண்கலம் அளந்ததையும் தரையில் பதிவானதையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான், தள்ளிய விசையில் எவ்வளவு பங்கு உள்ளே வந்து சேர்ந்தது என்பது புலப்படும்.