தாளிறக்கையில் எழுந்த தொழில்: ஏ. வி. ரோவின் வானூர்திப் பணி

பிரித்தானிய வானூர்தி உற்பத்தியின் முன்னோடிகளுள் எட்வின் ஆலியட் வெர்டன் ரோ (1877–1958) பெறும் தனியிடம், பொருள் வசதியின்மையையே தமது வடிவமைப்புக்கு இலக்கணமாக்கிக் கொண்டதால் வாய்த்ததாகும். மான்செஸ்டரை அடுத்த பட்ரிகிராஃப்டில் மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்து, ஹார்விச் இரயில்வே பணிமனையில் தொழில் பழகி, பின்னர் கப்பற் பொறியாளராகப் பணியாற்றிய அவர், கடற்பறவைகள் சிறகசைக்காமலே காற்றில் மிதந்து வருவதைக் கூர்ந்து நோக்கி, மாதிரி வானூர்திகள் செய்யத் தலைப்பட்டார். 1907இல் 'டெய்லி மெயில்' நாளிதழ் நடத்திய மாதிரி வானூர்திப் போட்டியில் கிடைத்த 75 பவுன் பரிசே, முழு அளவு விமானம் கட்டும் துணிவை அவருக்கு அளித்தது. 1908 ஜூன் 8 அன்று புரூக்லாண்ட்ஸ் பந்தயக் களத்தில் தரையை விட்டு எழும்பியதாக அவர் உரிமை கொண்டாடியதும், அதனை முதற் பறப்பாக ஏற்க ராயல் ஏரோ கழகத்தின் குழு பின்னாளில் மறுத்ததும் நெடிய வழக்காயின. அவ்வழக்கு, அவருடைய மெய்யான சாதனையை மறைத்துவிட்டது என்றே கூற வேண்டும்.

அச்சாதனை 1909 ஜூலையில் இலண்டன் லீ சதுப்புவெளியில் நிகழ்ந்தது. இரயில் பாலத்தின் வளைவுகளுக்கு அடியில் அவர் கட்டியது மூவடுக்கு விமானம், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று இறக்கைகளைக் கொண்டது. அதற்கு வாய்த்த ஜே.ஏ.பி. எஞ்சினின் ஆற்றலோ வெறும் 9 குதிரைத்திறன். ஆகவே எடையைக் குறைக்க, மரச்சட்டங்களின்மீது துணிக்கு மாற்றாக எண்ணெய் ஊறிய தாளைப் போர்த்தினார். ஜூலை 13 அன்று ஏறத்தாழ 100 அடியும், பத்து நாள் கழித்து 900 அடியும் பறந்த அவ்விமானம், பிரித்தானியர் ஒருவர் பிரித்தானிய எஞ்சின் பூட்டி, முழுதும் உள்நாட்டிலேயே உருவாக்கிப் பறந்த முதல் விமானமாகும். இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் அதனை இன்றும் காணலாம். அதன்மீது எழுதப்பட்ட 'புல்ஸ்ஐ' என்னும் பெயர், தம்பி ஹம்ஃப்ரியின் ஆலையில் உற்பத்தியான கால்சட்டைத் தோள்வார்களின் வணிகப் பெயர். செலவுக்குப் பணம் தந்த தம்பிக்கு அண்ணன் செலுத்திய நன்றி அது.

சகோதரர் இருவரும் 1910 ஜனவரியில் மான்செஸ்டர் பிரௌன்ஸ்ஃபீல்டு ஆலையில் தொடங்கிய 'ஆவ்ரோ' நிறுவனம், 1913இல் 504 என்னும் ஈரடுக்கு விமானத்தை ஈன்றது. 1914 நவம்பரில் ஜெர்மானிய செப்பலின் வான்கப்பல்களின் கொட்டகையைத் தாக்கியது அதுவே எனினும், அதன் நிலைத்த புகழ் பயிற்சி விமானமாகவே அமைந்தது. கோஸ்போர்ட் விமானப் பயிற்சிப் பள்ளியில் விமானி ஸ்மித்-பாரி வகுத்த முறைப்படி, முன்பின்னாக அமர்ந்த ஆசானும் மாணவரும் பேசுகுழாய் வழியே உரையாடிப் பழகியது இதில்தான். முதல் உலகப்போர்க் காலத்திலேயே 8,000க்கு மேற்பட்ட 504கள் கட்டப்பட்டன. ஒரு தலைமுறை விமானிகளின் கை திருந்தியது அவற்றில்தான்.

1928இல் தம் பங்குகளை விற்ற ரோ, வைட் தீவில் சாண்டர்ஸ் நிறுவனத்தோடு இணைந்து, நீரில் இறங்கவல்ல பறக்கும் படகுகளைக் கட்டினார். மறு ஆண்டு சர் பட்டமும் பெற்றார். இரண்டாம் உலகப்போரில் அவருடைய புதல்வர் இருவர் வான்படைப் பணியில் உயிர்நீத்தனர். அவர் விட்டுச்சென்ற பெயரோ நிறுவனத்தோடு தொடர்ந்தது. ஆவ்ரோ நிறுவனம் வடிவமைக்க, கான்பூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் கட்டிய 748 ரக விமானங்களை இந்தியர் 'ஆவ்ரோ' என்றே வழங்கினர்.