ஸ்பான்சர்
“பிரேசிலில் இருக்கும் மனைவியை ஸ்பான்சர் செய்திருக்கிறேன்” என்று டொராண்டோ நண்பர் சொன்னால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது திருவிழாப் பதாகையில் பெயர் போட்டுக்கொள்ளும் நகைக்கடைதான். சொல்லின் வேரோ நண்பர் பக்கம் நிற்கிறது. லத்தீனில் ‘ஸ்பொந்தேரெ’ என்றால் வாக்குக் கொடுப்பது. நிச்சயிக்கப்பட்ட பெண் ‘ஸ்பொன்சா’. வாழ்க்கைத்துணையைச் சொல்லும் ‘ஸ்பௌஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லும் அந்த வழி வந்ததே. ஆங்கிலத்தில் ஸ்பான்சர் முதலில் ஞானஸ்நானத்தின்போது குழந்தைக்காக உறுதி சொல்பவர். வானொலி வந்த பிறகுதான் விளம்பரதாரர் ஆனார். கனடாவின் குடிவரவு விதிகள் பழைய பொருளை விடவில்லை. துணைக்கு நிரந்தர வதிவிட உரிமை கிடைத்த நாளிலிருந்து 3 ஆண்டுகள் அவருடைய அடிப்படைத் தேவைகளுக்கு ஸ்பான்சரே பொறுப்பு. மணமுறிவு ஆனாலும் போட்ட கையெழுத்து போட்டதுதான். தாலி கட்டாமல் 12 மாதம் தொடர்ந்து சேர்ந்து வாழ்ந்த துணைக்கும் இதே கதை. இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? ஸ்பான்சர்ஷிப்புக்கு இலங்கைப் பத்திரிகைகள் எழுதும் ‘அனுசரணை’ இங்கே ஒட்டவில்லை. தமிழ்நாட்டில் அது, ‘அனுசரிச்சுப் போம்மா’ என்று மணப்பெண்ணுக்கு மட்டும் சொல்லப்படும் புத்திமதிக்குச் சொந்தம். என் ஓட்டு ‘பிணை’க்கு. கொடிகள் ஒன்றோடொன்று பிணைவதும் ஒருவருக்காக இன்னொருவர் பிணை நிற்பதும் தமிழில் ஒரே சொல்தான். ஜாமீன் வாடை அடிக்கிறதே என்பார்கள். அடிக்கட்டும். ‘பிணை நின்று அழைத்திருக்கிறேன்’ என்று நண்பர் சொல்லிப் பார்க்கலாம்.