எந்நிலத்துக்கும் ஒரு ரயர்

பிக்கப் வண்டியொன்றை அன்றாட அலுவலுக்கு வைத்திருக்கும் ஒருவரை மனத்திற் கொள்ளுங்கள். வாரத்தில் ஆறு நாள் அவர் தார் வீதியிலே ஓடுகின்றார். ஏழாம் நாள் தோட்டத்துக்குச் செல்லும் கிரவற் பாதையிலும், மழை பெய்திருந்தாற் சேற்றிலும் வண்டியை இறக்குகின்றார். பழைய ரயர்கள் தேய்ந்துவிட்டன. புதியவற்றை வாங்கக் கடைக்குச் செல்கின்றார். கடைக்காரர் மூன்று வகை ரயர்களை அவர் முன் உருட்டி வைக்கின்றார். ஒன்று மெல்லிய கோடுகள் வெட்டப்பட்ட வீதி ரயர். மற்றொன்று முதலையின் முதுகுபோற் கரடுமுரடான சேற்று ரயர். மூன்றாவது இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது. அதனை வணிகர் 'ஓல் ரெறெயின்' என்பர். நாம் எந்நில ரயர் என்று கூறலாம். இம்மூன்றில் அவர் எதனைத் தெரிந்தெடுப்பது?

பார்ப்பதற்கு இது சிறு வினா. ஆயினும் மழைநாளில் வண்டி நிற்பதும் நில்லாமற் சறுக்குவதும் இதற்கு அளிக்கும் விடையையே பொறுத்தன. இவ்வினா புதியதுமன்று. காற்றடைத்த சில்லு தோன்றிய நாள் தொட்டு, ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகளாக, அதனை ஆக்கியோர் வன்னிலத்துக்கும் மென்னிலத்துக்கும் இடையே ஓர் உடன்பாட்டைத் தேடியே வந்துள்ளனர். ஆதலின் அவ்வரலாற்றை முதலில் நோக்குவோம். நம் நண்பருக்குரிய விடை அதனுள்ளேயே கிடைக்கும்.

ஆதியிலே சில்லுக்கு இரும்புப் பட்டமே காப்பாக இருந்தது. இறப்பர் ஐரோப்பியருக்குத் தெரிந்த பொருளேயெனினும், குளிரில் விறைத்து வெடிக்கும். வெயிலில் உருகி ஒட்டும். அமெரிக்கரான சாள்ஸ் குட்இயர் 1839ஆம் ஆண்டில், இறப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது இக்குறைகள் நீங்கி உறுதிபெறுவதைக் கண்டார். இங்கிலாந்திலே தோமஸ் ஹான்கொக் என்பவரும் அக்காலத்தை ஒட்டி இம்முறையைக் கையாண்டார். உலகுக்கு இத்துணைப் பெரும் பொருளை ஈந்த குட்இயர், 1860இல் மாண்டபோது பெருங் கடனாளியாகவே இருந்தார்.

உறுதிபெற்ற இறப்பருள் காற்றை அடைத்துச் சில்லுக்கு மெத்தையாக்கும் எண்ணம் முதலில் உதித்தது றொபேட் வில்லியம் தொம்சன் என்னும் ஸ்கொத்லாந்தருக்கு. 1845 திசெம்பரில், தமது இருபத்து மூன்றாம் வயதில், அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். இறப்பர் பூசிய துணிக்குழாயுள் காற்றை நிரப்பி, அதன்மேல் தோலுறை போர்த்த அச்சில்லுகளை 1847இல் இலண்டன் றீஜன்ற் பூங்காவிலே குதிரை வண்டியிற் பூட்டி ஓட்டிக் காட்டினார். அவர் நடத்திய சோதனைகளிலே ஓர் உண்மை வெளிப்பட்டது. காற்றுச் சில்லைப் பூட்டிய வண்டியை இழுப்பதற்கு வேண்டிய வலு எங்கும் குறைந்தது. ஆனால் செப்பனிட்ட வீதியிற் குறைந்ததைவிட, புதிதாக உடைகல் பரவிய வழியில் அது மிகுதியாகக் குறைந்தது. கரடான நிலத்துக்கே காற்று பெருந்துணை என்பது இங்ஙனம் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. எனினும் அக்காலத்தில் அதற்குத் தேவையும் இல்லை. தக்க இறப்பரும் மலிவாகக் கிடைக்கவில்லை. தொம்சனின் கண்டுபிடிப்பு மறக்கப்பட்டது.

நாற்பது ஆண்டுகள் கழிந்தன. பெல்பாஸ்ட் நகரில் மிருக வைத்தியராக இருந்த ஜோன் பொயிட் டன்லொப், தம் மகனின் முச்சக்கர வண்டி கல்வீதியில் அதிர்ந்து செல்வதைக் கண்டு, மெல்லிய இறப்பர்க் குழாயிற் காற்றடைத்துச் சில்லிலே சுற்றினார். முதலில் இரு சில்லுகளையும் முற்றத்தில் உருட்டிப் பார்த்தார். காற்றடைத்ததே நெடுந்தூரம் ஓடிற்று. 1888இல் காப்புரிமை பெற்றார். 1889இல் பெல்பாஸ்ட் துவிச்சக்கர வண்டிப் பந்தயங்களிலே அவருடைய ரயர் வெற்றி ஈட்டியது. பின்னர்த் தொம்சனின் பழைய காப்புரிமை வெளிவர, டன்லொப்பின் உரிமை செல்லாதாயிற்று. ஆயினும் ரயர் நிலைத்துவிட்டது.

பிரான்சிலே மிஷெலின் சகோதரர்கள் 1891இல் எளிதிற் கழற்றிப் பூட்டத்தக்க ரயரை ஆக்கினர். 1895இல் பாரிஸிலிருந்து போர்தோவுக்குச் சென்று மீளும் மோட்டார்ப் பந்தயத்தில் காற்று ரயர் பூட்டிய வண்டியை ஓட்டினர். அது வழியில் மீண்டும் மீண்டும் காற்றுப் போய் நின்றது. பரிசு கிட்டவில்லை. மோட்டார் வண்டியும் காற்றின்மேல் ஓடலாம் என்பதுமட்டும் ஐயமற நாட்டப்பட்டது.

இக்கதையில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 1876இல் பிரேசில் நாட்டிலிருந்து ஹென்றி விக்கம் கொணர்ந்த இறப்பர் வித்துக்கள் இலண்டனுக்கு அருகேயுள்ள கியூ பூங்காவில் முளைப்பிக்கப்பட்டன. அவ்வாண்டிலேயே ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட நாற்றுக்கள் இலங்கைக்குக் கப்பலேறின. கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடப் பூங்காவிலே அவை நடப்பட்டன. மோட்டார் வண்டி பெருகிய காலத்தில் உலகின் ரயர்த் தொழிற்சாலைகளுக்கு இறப்பரை அனுப்பியவை இலங்கை, மலாயாத் தோட்டங்களே. விடியுமுன் எழுந்து மரத்தைச் சீவிப் பாலெடுத்தோருள் தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர். செயற்கை இறப்பர் பெருகிய பின்னரும், பாரஞ் சுமக்கும் ரயர்களில் இயற்கை இறப்பர் நீங்கா இடம் பெற்றுள்ளது. ஓட்டத்திற் குறைவாகச் சூடேறுதலும், எளிதிற் கிழியாமையும் அதன் சிறப்புக்கள்.

இனி, ரயரின் முகத்தை நோக்குவோம். ஆதி ரயர்கள் வழுவழுப்பானவை, நிறத்தில் வெண்மையானவை. ஈரவீதியில் அவை சறுக்கின. 1904இல் ஜேர்மனியின் கொன்ரினென்ரல் நிறுவனம் கோலம் வெட்டிய ரயரை மோட்டார் வண்டிக்கு அளித்தது. 1908இல் அமெரிக்காவின் பயர்ஸ்ரோன் நிறுவனம், 'சறுக்காதது' என்னும் பொருள்பட்ட ஆங்கிலச் சொற்களையே எழுத்தெழுத்தாக ரயரின் முகத்திற் புடைக்கச் செய்து விற்றது. அவ்வெழுத்துக்களின் விளிம்புகளே நிலத்தைப் பற்றின. பின்னர் நுண்கரியை இறப்பரிற் கலந்ததும் ரயர் கருநிறம் பெற்றது. தேய்மானமும் பெரிதும் குறைந்தது.

இங்கேதான் நாம் முன்னர்க் கூறிய இக்கட்டுத் தொடங்குகின்றது. தார் வீதியில், இறப்பர் எவ்வளவு மிகுதியாக நிலத்தைத் தொடுகின்றதோ அவ்வளவுக்குப் பிடிப்பு உண்டு. நீரை வெளியேற்ற ஒடுங்கிய பள்ளங்கள் போதும். சேற்றிலோ நிலைமை மறுதலை. அங்கே இறப்பர்க் கட்டைகள் உயர்ந்து, ஒன்றுக்கொன்று விலகி நிற்றல் வேண்டும். அவை மண்ணைக் கௌவித் தள்ளவும், அடைத்த சேறு சுழற்சியில் உதிரவும் இடைவெளி அகன்றிருத்தல் இன்றியமையாதது. 1932 அளவில் அமெரிக்காவில் உழவு இயந்திரங்களுக்கு இரும்புச் சில்லு நீங்கிக் காற்று ரயர் வந்தபோது, உயர்ந்த கட்டைகளின் பயன் நன்கு விளங்கிற்று. ஆனால் அதே கட்டைகள் தார் வீதியில் வேகமாகச் செல்லும்போது நெளியும், சூடேறும், இரையும், விரைவிலே தேயும். வயலுக்கு நன்மை செய்வது வீதிக்குத் தீமை செய்கின்றது.

மென்னிலத்தை வெல்ல உயர்ந்த கட்டைகள்தாம் ஒரே வழியா? அன்று என்று காட்டியவர் றால்வ் பக்னோல்ட் என்னும் பிரித்தானியப் படை அதிகாரி. எகிப்திற் பணிபுரிந்த அவர், 1920களின் பிற்பகுதியிலும் 1930களின் தொடக்கத்திலும், விடுமுறைக் காலங்களில் நண்பர்களோடு சாதாரண ஃபோர்ட் கார்களிலே லிபியப் பாலைவனத்துட் புகுந்தார். மோட்டாருக்கு எட்டாதெனக் கருதப்பட்ட பெருமணற் கடலுள் 1930இல் வண்டியைச் செலுத்தினார். அவர் கையாண்ட உபாயம் எளியது: ரயரின் காற்றைக் குறைத்தார். காற்றுக் குறைந்த ரயர் தட்டையாகப் பரந்து, வண்டியின் பாரத்தை அகன்ற பரப்பிற் பகிர்ந்தது. ஆதலின் சில்லு மணலைத் தோண்டி அமிழாமல் அதன்மேல் மிதந்து சென்றது. மணலிலே ஆழ்ந்து கௌவும் கட்டைகள் தமக்குத் தாமே குழி தோண்டும். அகன்ற மென்முகமே அங்கு ஏற்றது. புதைந்த சில்லின் கீழே இடுவதற்கு இரும்புத் தகடுகளையும் அவர் உடன் கொண்டு சென்றார். மணலின் இயல்பை ஆராய்ந்து அவர் 1941இல் வெளியிட்ட நூலை இன்றும் அறிஞர் போற்றுகின்றனர்.

1940இல் யுத்தம் எகிப்தை அணுகியபோது, இதே அறிவைக் கொண்டு பக்னோல்ட் நெடுந்தூரப் பாலைவனப் படைப்பிரிவை அமைத்தார். அதன் லொறிகள் பகைவர் எதிர்பாராத மணல்வெளிகளைக் கடந்து சென்றன. 1942இல் அமெரிக்கர் ஆக்கிய, நீரிலும் நிலத்திலும் செல்லும் பார வண்டியிலோ, சாரதி தன் ஆசனத்தில் இருந்தபடியே ரயர்க் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் கருவி அமைந்திருந்தது. கடற்கரை மணலிற் காற்றைக் குறைத்து ஏறி, வீதியை அடைந்ததும் காற்றை நிரப்பிக்கொண்டு அது ஓடிற்று. அவ்வாண்டிலேயே மலாயா யப்பானியர் வசமாகியமையால் அமெரிக்காவில் இறப்பர் அருகிற்று. ரயரைக் காக்கும் பொருட்டு மணிக்கு 35 மைலுக்கு மேல் எவரும் ஓடலாகாதென்று அங்கே விதி செய்தனர். வேகம் ரயரை உண்கின்றது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

யுத்தத்தின் பின் வந்த பெரும் மாற்றம் மிஷெலின் நிறுவனம் 1946இல் காப்புரிமை பெற்று, 1949இல் விற்பனைக்கு விட்ட றேடியல் ரயர். பழைய ரயரின் உள்ளே நூற்படைகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிச் சென்றன. அதனாற் பக்கச்சுவர் வளைந்தால் முகமும் நெளிந்தது. றேடியல் ரயரில் நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேரே செல்ல, முகத்தின் கீழ் உருக்குக் கம்பிப் பட்டி தனியே அமைந்தது. பக்கச்சுவர் தாராளமாக வளையும். முகமோ நிலத்திற் படிந்தே நிற்கும். தேய்மானமும் சூடும் குறைந்தன. அமெரிக்காவில் இது பரவ 1970கள் ஆயின. 1976இல் அந்நாட்டின் பி. எஃப். குட்றிச் நிறுவனம் பிக்கப் போன்ற வண்டிகளுக்கு எந்நில றேடியல் ரயரை வெளியிட்டது. நடுத்தர இடைவெளியுள்ள கட்டைகளையும் றேடியல் உடம்பையும் சேர்த்து, வீதிக்கும் காட்டுக்கும் ஒரே ரயர் என்னும் உடன்பாட்டை அது செய்துகொண்டது. இன்று கடையில் நாம் காண்பவை அதன் வழித்தோன்றல்களே.

உடன்பாடு என்றேன், அதிலே இரு தரப்பாரும் ஏதேனும் விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். எந்நில ரயர் கிரவலிலும் உடைகல்லிலும் வீதி ரயரைவிட உறுதியானது. கல் குத்தினாற் பெரும்பாலும் தாங்கும். எனினும் ஈரத் தார் வீதியில் நல்ல வீதி ரயரைப்போல் விரைந்து நிற்பது அரிது. எடை கூடுதலால் எரிபொருளும் சற்றுக் கூடுதலாகச் செல்லும். ஆழ்ந்த களிச் சேற்றிலோ சேற்று ரயருக்கு அது ஈடாகாது.

காற்றமுக்கம் பற்றியும் ஓர் எச்சரிக்கை உண்டு. 1963இல் அமெரிக்க விண்வெளி ஆராய்ச்சி நிலையத்தார், நீர் தேங்கிய ஓடுபாதையில் விமானச் சில்லு எவ்வேகத்தில் நிலத்தை விட்டு நீரின்மேல் வழுக்கும் என்று ஆராய்ந்தனர். அவ்வேகம் காற்றமுக்கத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்ததென்று கண்டனர். சதுர அங்குலத்துக்கு 36 இறாத்தல் அமுக்கமாயின் ஏறத்தாழ மணிக்கு 62 மைலிலும், 16 இறாத்தலாயின் ஏறத்தாழ 41 மைலிலும் வழுக்கல் தொடங்கும். மோட்டார் ரயருக்கு இக்கணக்கு அப்படியே பொருந்தாவிடினும் அதன் போக்குப் பொருந்தும். மணலிற் காற்றைக் குறைத்தவர், வீதிக்கு ஏறியதும் மறவாது நிரப்புதல் வேண்டும். குறைந்த காற்றோடு விரைந்தால் ரயர் சூடேறி வெடிக்கவுங்கூடும். பக்னோல்டின் உபாயத்தில் பாதியை மட்டும் கற்றவருக்கு அதுவே ஆபத்தாகும்.

இப்போது கடைவாயிலில் நிற்கும் நம் நண்பரிடம் மீள்வோம். முதலாவதாக அவர் தம் பயணங்களை நேர்மையாக எண்ணிப் பார்க்கட்டும். நூறு மைலில் தொண்ணூறு மைல் தாரிலும், எஞ்சியவை நல்ல கிரவலிலும் ஆயின், வீதி ரயரோ மென்மையான எந்நில ரயரோ போதும். கூர்ங்கல்லும் ஈரமண்ணும் வாரந்தோறும் எதிர்ப்படின் எந்நில ரயரே தக்கது. சேற்று ரயரை நாடோறும் சேற்றில் உழைப்பவருக்கே விட்டுவிடலாம்.

இரண்டாவதாக, ரயர் தாங்கும் பாரத்தின் அளவு அதன் பக்கச்சுவரிற் குறிக்கப்பட்டுள்ளது. வண்டிக்கு விதித்த அளவுக்கு அது குறையலாகாது. கார் வகை ரயரிலிருந்து லொறி வகைத் தடித்த ரயருக்கு மாறுபவர், அதே பாரத்தைத் தாங்க அதற்குக் கூடுதலான காற்று வேண்டியிருக்கும் என்பதை அறிதல் வேண்டும். மூன்றாவதாக, அழகுக்காகப் பருத்த ரயரைப் பூட்டினால் வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும். திருப்பத்தில் ரயர் வண்டியின் உடலில் உராயவுங் கூடும். நான்கு சில்லுகளும் இயங்கும் வண்டியாயின், நான்கும் ஒரே அளவினவாக இருத்தல் வேண்டும். இறுதியாக, காற்றமுக்கமானி ஒன்றும் சிறு காற்றுப் பம்பும் வண்டியில் இருக்கட்டும். விலை சிறிது, பயன் பெரிது.

நேயர்களே, தொம்சன் முதல் பக்னோல்ட் வரை அனைவரும் கற்பித்த பாடம் ஒன்றே. இறப்பர் உறை மட்டுமே. பாரத்தைச் சுமப்பது உள்ளே அடைத்த காற்று. எந்நிலத்துக்கும் முற்றப் பொருந்தும் ரயர் இதுவரை ஆக்கப்படவில்லை. ஆண்டில் ஒரு நாள் எதிர்ப்படும் சேற்றுக்காக முந்நூறு நாளின் வீதியை மறந்துவிடலாகாது. மிகுதியான நாள்களுக்கு உரியதைத் தெரிந்தெடுத்து, எஞ்சிய நாளைக் காற்றை அறிந்து சமாளிப்பவரே மழையிரவிலும் வீடு வந்து சேருவர்.