உறுப்பிழப்பு இழப்பீடு (இந்தியா)

உறுப்பிழப்பு இழப்பீடு என்பது விபத்தில் கை, கால், விரல் முதலிய உறுப்புகளை இழந்த ஒருவருக்குச் சட்டப்படி கிடைக்க வேண்டிய தொகையையும், அதனுடன் சேர்ந்த மருத்துவ, மறுவாழ்வு உதவிகளையும் குறிக்கும். இந்தியாவில் இதற்கெனத் தனிச் சட்டம் ஏதும் இல்லை. விபத்து பணியிடத்தில் நேர்ந்ததா, சாலையில் நேர்ந்ததா, தொடர்வண்டியில் நேர்ந்ததா என்பதைப் பொறுத்து வெவ்வேறு சட்டங்கள் பொருந்துகின்றன. பணியிட, சாலை விபத்து வழக்குகளில் இழந்த உறுப்பின் அளவும் இழந்த வருவாய்த் திறனின் அளவும் ஒன்றல்ல என்பது தொகையைப் பெரிதும் மாற்றக்கூடிய கோட்பாடாகும்.

வரலாறு

பிரித்தானிய ஆட்சிக் காலத்தில் இயற்றப்பட்ட தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், 1923, 1924 சூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. முதலாளியின் கவனக்குறைவை நிறுவாமலேயே தொழிலாளி இழப்பீடு பெறலாம் என்பது இதன் சிறப்பு. 2009 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 2010 சனவரி 18 முதல் இது ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் எனப் பெயர் மாற்றப்பட்டது. பின்னர் இச்சட்டமும், 1948 ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டமும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020 என்பதனுள் இணைக்கப்பட்டன. இத்தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. வீட்டிற்கும் பணியிடத்திற்கும் இடையே செல்கையில் நேரும் விபத்தும், பணியோடு அதற்குத் தொடர்பு இருப்பின், பணி விபத்தாகக் கருதப்படும் என இத்தொகுப்பு கூறுகிறது.

பணியிட விபத்துகள்

1923 ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை, எந்த உறுப்பை இழந்தால் எத்தனை விழுக்காடு வருவாய்த் திறன் இழப்பாகக் கொள்ளப்படும் எனப் பட்டியலிட்டது. அவற்றுட் சில:

* இரு கைகளும், அல்லது ஒரு கையும் ஒரு பாதமும் - 100%
* தோள் மூட்டோடு ஒரு கை - 90%
* மணிக்கட்டோடு ஒரு கை, அல்லது ஒரு கையின் ஐந்து விரல்களும் - 60%
* கட்டைவிரல் நீங்கலாக ஒரு கையின் நான்கு விரல்கள் - 50%
* கட்டைவிரல் - 30%
* சுட்டுவிரல் முழுவதும் - 14%

நிரந்தர முழு ஊனத்திற்கான தொகை, மாத ஊதியத்தின் 60 விழுக்காட்டை வயதுக்குரிய காரணியால் பெருக்கிப் பெறப்பட்டது. 30 வயதிற்கு இக்காரணி 207.98, 40 வயதிற்கு 184.17 ஆகும். கணக்கிடுவதற்கான ஊதிய உச்சவரம்பு 2010 மே 31 முதல் 8,000 ரூபாயாகவும், 2020 சனவரி 3 முதல் 15,000 ரூபாயாகவும் இருந்தது. எடுத்துக்காட்டாக, மாதம் 15,000 ரூபாய் ஊதியம் பெறும் 30 வயதுத் தொழிலாளிக்கு முழு ஊனத்திற்குரிய தொகை 18,71,820 ரூபாய். அழுத்த இயந்திரத்தில் ஒரு கையை இழந்த அவருக்கு அட்டவணைப்படி 60 விழுக்காடு மட்டும் கணக்கிட்டால் கிடைப்பது 11,23,092 ரூபாய். வேறுபாடு ஏறத்தாழ ஏழரை இலட்சம் ரூபாய் ஆகும்.

இவ்வேறுபாடு தொடர்பாக 1975 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு முதன்மையானது. ஒரிசாவில் திரையரங்கு ஒன்றில் வேலை செய்த தச்சர் ஒருவர் கீழே விழுந்து இடது கையை இழந்தார். ஒரு கையால் தச்சுவேலை செய்ய இயலாது என்பதால் அவரது இழப்பை முழு ஊனமாகக் கொண்டது சரியே என நீதிமன்றம் கூறியது. இழப்பீடு ஆணையர் தீர்ப்பளிக்கும் நாளிலன்று, விபத்து நேர்ந்த நாளிலேயே செலுத்தத்தக்கதாகிறது எனவும் அத்தீர்ப்பு விளக்கியது. ஒரு மாதத்திற்குள் செலுத்தாத முதலாளி ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியும், தக்க காரணம் இல்லாவிடில் தொகையில் 50 விழுக்காடு வரை தண்டமும் செலுத்த வேண்டும் என்று 1923 ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது.

மது அருந்தியிருந்தது, பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே அகற்றியது போன்ற காரணங்களைக் காட்டி முதலாளி பொறுப்பை மறுக்க இயலும். எனினும் இறப்பிலோ நிரந்தர முழு ஊனத்திலோ முடிந்த விபத்துகளுக்கு இவ்விலக்கு பொருந்தாது. சிறு தொகையைக் கொடுத்து, இனி ஏதும் கோரமாட்டேன் என எழுதி வாங்கும் ஒப்பந்தம், சட்டம் தரும் உரிமையைக் குறைக்கும் அளவிற்குச் செல்லாது.

காப்பீட்டுக் கழகத்தின் கீழ் வருவோர்

தொழிலாளர் அரசு காப்பீட்டுக் கழகத்தில் (இ.எஸ்.ஐ) காப்பீடு பெற்ற தொழிலாளி முதலாளியிடமிருந்து இழப்பீடு கோர இயலாது. மாறாக, மருத்துவக் குழு மதிப்பிடும் திறனிழப்பு விழுக்காட்டிற்கு ஏற்ப, ஆயுட்காலம் முழுவதும் மாதந்தோறும் உதவித்தொகை பெறுவார். செயற்கை உறுப்புகளையும் கழகம் வழங்குகிறது.

சாலை மற்றும் தொடர்வண்டி விபத்துகள்

சாலை விபத்துகளில் மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன் 166 ஆம் பிரிவின் கீழ் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு அளிக்கலாம். மருத்துவச் செலவு, சிகிச்சைக் கால வருவாய் இழப்பு, எதிர்கால வருவாய் இழப்பு, வலியும் வேதனையும் ஆகியன தனித்தனியே கணக்கிடப்படுகின்றன. ஒரே அளவு உறுப்பிழப்பு ஓட்டுநரின் பிழைப்பை முற்றிலும் பறிக்கலாம். அரசு எழுத்தரின் வேலையைப் பாதிக்காமலும் போகலாம் என 2010 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. செயற்கைக் காலைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவும் பராமரிக்கவும் ஆகும் செலவையும் 2022 ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் அது கருத்திற்கொண்டது. மோதிவிட்டுத் தப்பிய வாகனம் எதுவெனத் தெரியாவிடில், கொடுங்காயத்திற்கு 50,000 ரூபாய் வழங்கப்படுகிறது.

பணியின்போது சாலை விபத்து நேர்ந்தால் ஊழியர் இழப்பீடு, மோட்டார் வாகனச் சட்டம் ஆகிய இரண்டில் ஒன்றை மட்டுமே தேர்ந்தெடுக்க வேண்டும். தொடர்வண்டிப் பயணிகள் தொடர்வண்டி இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை அணுக வேண்டும்.

கால வரம்பும் சான்றுகளும்

1923 ஆம் ஆண்டுச் சட்டத்தில் விபத்து நேர்ந்த இரண்டு ஆண்டுகளுக்குள் கோரிக்கை அளிக்க வேண்டும் என்றிருந்தது. தக்க காரணம் இருப்பின் தாமதம் பொறுத்துக்கொள்ளப்பட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2022 ஏப்ரல் 1 முதல் ஆறு மாதக் கால வரம்பு சேர்க்கப்பட்டது. இதனை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் தொடரப்பட்டன.

வழக்கில் பெரும்பாலும் பிணக்கிற்குள்ளாவன, பணியாளர் என்பதற்கான சான்றும் ஊதிய அளவும் ஆகும். ஊதியச் சீட்டு, வங்கிக் கணக்குப் புத்தகம், வருகைப் பதிவு, உடன் பணியாற்றியோரின் சாட்சியம் ஆகியன இதற்கு உதவும். மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், காவல் நிலைய முதல் தகவல் அறிக்கை, சிகிச்சைக் குறிப்புகள் ஆகியவற்றில் விபத்து நேர்ந்த இடமும் விதமும் சரியாகப் பதியப்பட்டிருத்தல் இன்றியமையாதது.

பிற உதவிகள்

* இலவசச் சட்ட உதவி: சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987 இன்படி மாற்றுத்திறனாளிகளும் தொழிற்சாலைத் தொழிலாளரும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உதவி பெறலாம். தொலைபேசி உதவி எண் 15100.
* ஊனச் சான்றிதழ்: மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இன் கீழ் பல சலுகைகளுக்கு 40 விழுக்காட்டிற்குக் குறையாத ஊனம் தேவை. இச்சான்றிதழின் விழுக்காடு உடல் ஊனத்தை அளப்பது. வருவாய்த் திறன் இழப்பைத் தனியே நிறுவ வேண்டும்.
* வேலைப் பாதுகாப்பு: பணிக்காலத்தில் ஊனமுற்ற அரசு ஊழியரைப் பணிநீக்கவோ பதவி இறக்கவோ அச்சட்டத்தின் 20 ஆம் பிரிவு தடை செய்கிறது. பழைய பணி இயலாதெனில் அதே ஊதியத்தில் வேறு பணி தரப்பட வேண்டும்.
* செயற்கை உறுப்பு: 1968 இல் செய்ப்பூரில் பிரமோத் கரண் சேத்தி, ராம் சந்திர சர்மா ஆகியோர் உருவாக்கிய செய்ப்பூர்க் கால், 1975 இல் தொடங்கப்பட்ட பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதியால் இலவசமாகப் பொருத்தப்படுகிறது.