புறப்பட மறுக்கும் காரும் அதன் வரலாறும்

1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். ஜெர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஃபோர்ட்ஸ்ஹைம் நகருக்கு ஒரு மூன்று சக்கர மோட்டார் வண்டி புறப்பட்டது. ஓட்டிச் சென்றவர், அவ்வண்டியை உருவாக்கிய கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ். உடன் இரு மகன்கள். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் செருகும் ஊசியால் குத்தி அடைப்பை நீக்கினார். பிறகு தீப்பொறிக்கான மின்கம்பியின் உறை தேய்ந்துபோயிற்று. காலுறையைக் கட்டும் பட்டையைச் சுற்றி அதையும் சரிசெய்தார்.

பழைய கார் ஒன்று காலையில் புறப்பட மறுக்கும்போது மெக்கானிக் கேட்கும் முதல் கேள்வியும் இதுவே: பெட்ரோல் வரவில்லையா, தீப்பொறி வரவில்லையா? நூறாண்டுக்கு மேலான மோட்டார் வரலாறு, இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே வளர்ந்திருக்கிறது எனலாம்.

முதலில் பெட்ரோலைப் பார்ப்போம். திரவ பெட்ரோல் எஞ்சினுக்குள் பயன்படாது. ஆவியாகிக் காற்றுடன் கலந்தால்தான் எரியும். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 15 பங்கு காற்று வேண்டும். 1893இல் வில்ஹெல்ம் மேபாக் என்ற ஜெர்மானியர், நுண்ணிய துளை வழியே எரிபொருளைக் காற்றோட்டத்தில் தூவும் கார்பரேட்டரை அமைத்தார். அந்தத் துளையைத்தான் இன்று நாம் ‘ஜெட்’ என்கிறோம்.

ஆனால் குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. குழாய்ச் சுவரிலேயே படிந்துவிடும். எனவே கூடுதலாகப் பெட்ரோல் கொடுக்கவேண்டும். இதற்காகக் காற்று வரும் வழியை ஓரளவு மூடும் தகடே ‘சோக்’. அது சரியாக மூடாவிட்டால் குளிர்ந்த எஞ்சின் எளிதில் புறப்படாது. அளவுக்கு மீறி இழுத்தால் பிளக் நனைந்துவிடும்; பெட்ரோல் வாடை மூக்கைத் துளைக்கும்.

ஐட்லிங் வேறொரு சிக்கல். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் காற்று வழி ஏறக்குறைய மூடிவிடுகிறது. பெரிய ஜெட்டிலிருந்து பெட்ரோலை இழுக்கப் போதிய காற்றோட்டம் இல்லை. ஆகவே பல கார்பரேட்டர்களில் இதற்கெனத் தனியே ஒரு சிறு ஜெட் வைத்தார்கள். வேகத்தில் நன்றாக ஓடும் கார், சிக்னலில் நின்றதும் அணைந்துபோகிறதா? இச்சிறு ஜெட்டில் தூசி அடைத்திருக்கலாம். அல்லது பழுதடைந்த கேஸ்கெட், வெடித்த ரப்பர் குழாய் வழியே வேண்டாத காற்று நுழையலாம். சோக்கைச் சிறிது இழுத்துப் பாருங்கள். ஓட்டம் சீரானால், கலவையில் பெட்ரோல் குறைவு என்பது உறுதி.

இனித் தீப்பொறி. அக்காலத்தில் எஞ்சினைக் கைப்பிடியால் சுழற்றித்தான் கிளப்பினார்கள். தீப்பொறி சற்றுத் தாமதமாக விழும்படி ஒரு நெம்புகோலைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் சுழற்றவேண்டும். மறந்தால், பிஸ்டன் மேலே வந்து சேருமுன்பே கலவை எரிந்து, கைப்பிடி பின்னோக்கி உதைக்கும். மணிக்கட்டு முறிந்தவர்கள் பலர்.

இந்த ஆபத்தை நீக்கியவர் அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங். பணப்பதிவு எந்திரத்துக்கு மின்மோட்டார் பொருத்திய அனுபவம் அவருக்கு இருந்தது. சில விநாடிகள் மட்டுமே வேலை செய்யும் மோட்டார் சிறியதாக இருந்தாலும் பெருஞ்சுமையைத் தாங்கும் என்பதை அங்கே அறிந்திருந்தார். அவர் அமைத்த செல்ஃப் ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டுக்கான காடிலாக் கார்களில் வந்தது. நம் பட்டறைகளில் ‘செல்ஃப்’ என்பது இதைத்தான்.

பேட்டரியிலிருந்து தீப்பொறி பெறும் முறையையும் செம்மைப்படுத்தியவர் கெட்டரிங். ஆகவே ஒரே பேட்டரி இரு வேலைகளைச் செய்யவேண்டியதாயிற்று. பலவீனமான பேட்டரியில் செல்ஃப் இழுக்கும்போது மின்னழுத்தம் சரிகிறது, தீப்பொறியும் மங்கிவிடுகிறது. எஞ்சின் சுழலும், ஆனால் பிடிக்காது. தள்ளிவிட்டால் அதே கார் உடனே கிளம்பும்! அப்படிக் கிளம்பினால் கார்பரேட்டரைக் கழற்றவேண்டாம். பேட்டரியையும், அதன் முனைகளில் பூத்திருக்கும் உப்பையும், எர்த் கம்பியையும் முதலில் பாருங்கள். தள்ளியும் கிளம்பவில்லையென்றால், காண்டாக்ட் பாயிண்ட் கருகியிருக்கிறதா என்று பார்ப்பது அடுத்த படி.

வெயிலில் ஓடி நின்ற கார் மறுபடி கிளம்ப மறுப்பது தனிக் கதை. எஞ்சின் சூட்டில் பெட்ரோல் பம்பிலேயே கொதித்து ஆவிக் குமிழாகிறது. பம்பு திரவத்தைத் தள்ளுமே தவிர ஆவியைத் தள்ளாது. அம்பாசிடர் ஓட்டுநர்கள் பம்பின்மேல் ஈரத்துணி போட்டது இதனால்தான்.

1967இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் மின்னணு எரிபொருள் தூவு முறையைக் கார்களில் கொணர்ந்தது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டையொட்டிப் புகைக் கட்டுப்பாடுகள் இறுகியபோது புதிய கார்களிலிருந்து கார்பரேட்டர் மெல்ல விடைபெற்றது. சோக் இழுக்கும் வேலையையும் தீப்பொறி நேரத்தையும் இன்று ஒரு சிறு கணிப்பொறி கவனிக்கிறது. வேலை மறைந்துவிடவில்லை, ஓட்டுநரின் கையிலிருந்து மாறிப்போயிற்று, அவ்வளவுதான்.

உங்கள் வீட்டிலோ, தெருவிலோ ஒரு பழைய கார் இருந்தால், அது முரண்டு பிடிக்கும்போது எரிச்சல்படாதீர்கள். பெட்ரோல் வாடை வருகிறதா, செல்ஃப் எப்படிச் சுழல்கிறது, எஞ்சின் குளிர்ந்திருக்கிறதா, சூடாக இருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். வாடை வந்தால் அருகில் தீக்குச்சி கிழிக்கவே கூடாது. இவற்றுக்கு விடை கிடைத்தால், ஸ்பானரைத் தொடுமுன்பே பாதிப் பழுது தெரிந்துவிடும்.