ஒரு பிங்க் நிற வீடு!

புறநகரில் சொந்தமாக ஒரு தனி வீடு. முன்னால் கொஞ்சம் புல்தரை, பின்னால் பசங்க ஓடியாட இடம், அக்கம்பக்கத்தில் நல்ல மனுஷங்க... நடுத்தரக் குடும்பத்தின் இந்தக் கனவை, ஃபாக்டரியில் கார் செய்வதுபோல மொத்தமாகச் செய்து விற்க முடியுமா? செய்து காட்டினார் வில்லியம் லெவிட் என்கிற அமெரிக்க பில்டர்!

இரண்டாம் உலகப் போர் முடிந்து லட்சக்கணக்கான சிப்பாய்கள் ஊர் திரும்பிய நேரம். குடியிருக்க வீடு கிடைக்கவில்லை. 1947-ல் நியூயார்க் பக்கத்தில், லாங் ஐலண்டில் உருளைக்கிழங்கு விளைந்த வயல்களை வளைத்துப்போட்டார் லெவிட். கட்டுமானத்தை இருபத்துச் சொச்சம் வேலைகளாகப் பிரித்தார். ஒரு கோஷ்டி தளம் போட்டுவிட்டு அடுத்த மனைக்கு நகரும். பின்னாலேயே இன்னொரு கோஷ்டி வந்து சுவருக்குச் சட்டம் நிறுத்தும். கார் ஃபாக்டரியில் கார் நகரும். இங்கே ஆட்கள் நகர்ந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 30 வீடுகள்! 1951-க்குள் 17,000-க்கும் மேற்பட்ட வீடுகளோடு 'லெவிட்டவுன்' என்ற ஊரே முளைத்துவிட்டது. முன்னாள் சிப்பாய்களுக்கு அரசாங்க உத்தரவாதத்தோடு கடன் வேறு.

பலே என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். ஆரம்பகால ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது. வெள்ளையர் தவிர வேறு யாரும் அந்த வீட்டில் குடியிருக்கக் கூடாது. வேலைக்காரர்கள் மட்டும் இருக்கலாமாம்!

இப்படிப்பட்ட ஷரத்துகளை கோர்ட்டுகள் அமல்படுத்த முடியாது என்று 1948-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஷரத்து போனது, பழக்கம் போகவில்லை. 'கறுப்பருக்கு விற்றால் வெள்ளையர் வாங்க மாட்டார்கள்' என்பது லெவிட்டின் வாதம். இத்தனைக்கும் அவர் யூதர். ஒதுக்கப்படுவதன் வலி தெரிந்த இனம்!

1952-ல் பென்சில்வேனியாவில் இரண்டாவது லெவிட்டவுன் எழுந்தது. 1957 ஆகஸ்ட்டில் அங்கே டீப்க்ரீன் லேனில் ஒரு பிங்க் நிற வீட்டுக்குக் குடிவந்தது மையர்ஸ் குடும்பம். வில்லியம் மையர்ஸ் ராணுவத்தில் இருந்தவர். மனைவி டெய்ஸி ஆசிரியை. இரண்டு பையன்கள், கைக்குழந்தையாக ஒரு பெண். கறுப்பர்கள். லெவிட் விற்கவில்லை, முதலில் வாங்கியிருந்தவரிடமிருந்து வாங்கினார்கள்.

சேதி பரவியதும் நூற்றுக்கணக்கானவர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். கல் பறந்தது, ஜன்னல் கண்ணாடி நொறுங்கியது. கல்லடி பட்டு ஒரு போலீஸ்காரர் மயங்கி விழுந்தார். கவர்னர் மாநில போலீஸை அனுப்பவேண்டி வந்தது. கூட்டம் கலைந்தும் தொல்லை ஓயவில்லை. பின்பக்கத்துக் காலி வீட்டில் ஒரு கும்பல் கூடி, ராத்திரியெல்லாம் பாட்டை அலறவிட்டது. கடைசியில் கோர்ட் தலையிட்டுத் தடை போட்டது. பக்கத்து வீட்டு வெக்ஸ்லர் குடும்பம் துணை நின்றது. அவர்கள் வெள்ளையர்கள்!

வீடு விற்பதில் நிறம் பார்க்கக் கூடாது என்று 1968-ல் நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. ஆனால், யோசித்துப் பாருங்கள்... 1940-களில் சில ஆயிரம் டாலருக்கு வாங்கிய வீடு, பிள்ளைகள் காலத்தில் பல மடங்கு விலை போயிற்று. அன்று ஒரு குடும்பத்துக்குக் கதவைச் சாத்தியவர்கள், அதன் அடுத்த தலைமுறைச் சொத்தையும் சேர்த்தே சாத்திவிட்டார்கள்.

1999-ல் அந்தப் பகுதி மேயர், டெய்ஸியை வரவழைத்துப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். வில்லியம் அதைக் கேட்க உயிரோடு இல்லை. அந்த வீட்டில் அவர்கள் வாழ்ந்தது சுமார் நான்கே வருஷம். மன்னிப்பு வந்துசேர 42 வருஷம்!