இந்தியாவில் திரட்டப்படாத இந்திய மாதிரிகள்: மனநோய் மரபணு மென்பொருள்களின் அடித்தளம் குறித்து

மனச்சிதைவு நோய் பற்றிய மரபணு ஆய்வுகளில் பெரும்பாலும் ஒருவரின் மரபணுத்தொகை முழுவதும் வாசிக்கப்படுவதில்லை. சில லட்சம் இடங்களை மட்டும் சிப் வாசிக்கிறது. எஞ்சியவற்றை மென்பொருள் அண்டை இடங்களைக் கொண்டு ஊகிக்கிறது. எந்த மாறுபாடு எதனோடு சேர்ந்து மரபுவழி வருகிறது என்பதை அதற்குச் சொல்வது ஓர் ஒப்பீட்டுத் தொகுதி. மரபணுக்களின் நோய்த்தொடர்பைச் சோதிக்கும், 2015-இல் வந்த மேக்மாவுக்கும், நோய் இடர் மதிப்பெண்ணைக் கணக்கிட உதவும், 2019-இல் வந்த பிஆர்எஸ்-சிஎஸ்ஸுக்கும் இந்த இணைப்புத் தகவல் இன்றியமையாதது. எந்த மென்பொருள் சிறந்தது என்ற விவாதத்தைவிட, அது எந்த மக்களைக் கொண்டு கணக்கிடுகிறது என்பதே இந்தியாவுக்கு முதன்மையான கேள்வி.

பரவலாகப் பயன்படும் 1000 ஜீனோம்ஸ் தொகுதியின் 2015-ஆம் ஆண்டுப் பதிப்பில் 2,504 பேர் உள்ளனர். தெற்காசியர் 489 பேர். ஹூஸ்டனின் குஜராத்தியர், லாகூரின் பஞ்சாபியர், வங்கதேசத்தின் வங்காளியர், பிரிட்டனில் வாழும் தெலுங்கர், அங்கேயே வாழும் இலங்கைத் தமிழர். இந்திய மண்ணில் மாதிரி அளித்தவர் ஒருவர்கூட இல்லை. மதுரையிலிருந்து வரும் நோயாளிக்கு இதில் மிக நெருக்கமானவர்கள் அந்த 102 இலங்கைத் தமிழர்களே.

இந்தியருக்குள்ளேயே உள்ள வேறுபாட்டுக்குத் தில்லியின் மயூர் விஹாரை எடுத்துக்கொள்வோம். தமிழரும் மலையாளிகளும் வங்காளியரும் பஞ்சாபியரும் ஒரே குடியிருப்பில் வாழும் பகுதி அது. அங்கே நோயாளிகளையும் நலமானவர்களையும் திரட்டி ஒப்பிட்டால், இரு தரப்பிலும் எந்தச் சமூகத்தார் எத்தனை பேர் என்ற வேறுபாடே நோயின் மரபணுபோலத் தோன்றக்கூடும். 2007-இல் வெளியான பிளிங்க் போன்ற கருவிகளைக் கொண்டு வம்சாவளி வேறுபாட்டைக் கணக்கிட்டுத் திருத்தலாம். ஆனால் சமூகத்துக்குள்ளேயே மணமுடிக்கும் அகமணத்தின் தடம் அதைவிட நுட்பமானது. சிறு மூதாதையர் கூட்டத்திலிருந்து பெருகிய சமூகங்கள் இந்தியாவில் ஏராளம் என்பதை ஹைதராபாதின் உயிரியல் ஆய்வு மையமான சிசிஎம்பியின் தங்கராஜ், லால்ஜி சிங் ஆகியோர் மரபியலாளர் டேவிட் ரைக் குழுவினருடன் 2009-இல் காட்டினர். இத்தகைய சமூகங்களை ‘தெற்காசியர்’ என்ற ஒற்றைப் பெயருக்குள் அடக்குவது வசதிக்காக மட்டுமே.

நோயின் உயிரியல் எங்கும் ஒன்றுதானே என்று கேட்கலாம். கிழக்காசியருக்கும் ஐரோப்பியருக்கும் இடையே மனச்சிதைவின் மரபுத் தொடர்பு 0.98 என 2019-இல் கணிக்கப்பட்டது. என் வாதத்துக்கு இது வலுவே சேர்க்கிறது. நோயின் வேர் பொதுவாக இருந்தும், ஒருவரின் நோய் வாய்ப்பை மரபணு மாறுபாடுகளைக் கொண்டு மதிப்பிடும், ஐரோப்பியத் தரவில் உருவான இடர் மதிப்பெண் பிறரிடம் துல்லியம் இழக்கிறதென்றால், அந்த இழப்பின் பெரும்பங்கு மாறுபாடுகளின் பரவலிலும் இணைப்பிலும்தான் இருக்க வேண்டும்.

சென்னையின் மனச்சிதைவு ஆய்வு அமைப்பான ஸ்கார்ஃப் நிறுவனமும் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகமும் 2019-இல் வெளியிட்ட இந்திய ஆய்வு, நயாசின் (வைட்டமின் பி3) வளர்சிதை மாற்றத்தில் பங்குள்ள என்ஏபிஆர்டி1 மரபணுவைச் சுட்டியது. அதன் முதற்கட்டத்தில் இருந்தவர்கள் 3,092 பேர். 2022-இல் வெளியான பன்னாட்டு ஆய்விலோ நோயாளிகள் மட்டுமே 76,755 பேர். எண்ணிக்கையில் இவ்வளவு சிறிய ஆய்வே தனக்கென ஒரு தடயத்தைத் தந்திருப்பது, இம்மண்ணிலேயே மாதிரி திரட்டுவதன் பயனை உணர்த்துகிறது.

இந்நிலையில், இறக்குமதியான மதிப்பெண்ணைத் தனிமனிதரின் கையில் கொடுப்பதை ஏற்க இயலாது. நம் குடும்பங்களில் அது திருமணப் பேச்சையே முறித்துவிடும். முதலில் செய்ய வேண்டியது வேறு. இந்தியரின் மரபணுத்தொகையை வாசிக்கும் ஜீனோம் இந்தியா திட்டத்தின் 10,000 பேரின் தரவு ஃபரிதாபாதில் சேமிக்கப்பட்டு, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது. அதிலிருந்து சமூகக் குழுவாரியாக இணைப்பு அட்டவணைகளைக் கணக்கிட்டு, பிஆர்எஸ்-சிஎஸ் போன்ற மென்பொருள்கள் நேரடியாக ஏற்கும் வடிவில் வெளியிடலாம். அவ்வட்டவணைகளுக்குக் கூட்டுக் கணக்கே போதும். தனிநபர் மரபணுத் தரவை வெளியே தர வேண்டியதில்லை.